தோல்வியைத் தாங்கிய தோள்

நுழையும் முன்

பணியிடம் ஒவ்வொன்றிலும் தலைவர் ஒருவர் இருப்பார். அவருக்குக் கீழே பணியாற்றுவோர் பலர் இருப்பர். தலைவர் எத்தகையவர் என்பதை அவருடைய நாற்காலியைப் பார்த்து அறிய இயலாது. அவரிடம் பணியாற்றியவர்கள், பல ஆண்டுகள் கழிந்த பின்னர் அவரைப் பற்றி என்ன கூறுகிறார்கள் என்பதைக் கேட்டால் அறியலாம். இராமேசுவரத்தில் பிறந்து, பிற மாநிலங்களில் பல்லாண்டு பணியாற்றிய தமிழர் ஒருவர், ஸ்ரீநகரில் பிறந்த தம் தலைவரை வாழ்நாள் முழுவதும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். அந்த நன்றியின் கதையே இப்பாடம்.

சனிக்கிழமை வகுப்பு

அது 1960ஆம் ஆண்டை ஒட்டிய காலம். பெங்களூருவில், பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் என்னும் இளம் பொறியாளர் பணியாற்றி வந்தார். இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் சென்னையிலும் கற்று, வேலையின் பொருட்டு முதலில் தில்லிக்கும் பின்னர் பெங்களூருவுக்கும் சென்றவர் அவர்.

தரையிலும் நீரிலும் படாமல், காற்றைக் கீழ்நோக்கிச் செலுத்தி அதன்மேல் மிதந்து செல்லும் ஊர்தி ஒன்றை உருவாக்கும் பணி அவருடைய சிறு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவ்வூர்திக்கு ‘நந்தி’ என்று பெயர் சூட்டியிருந்தனர். அதற்கு எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு சுழல்விசிறிகள் தேவைப்பட்டன. வழக்கமான ஒற்றைச் சுழல்விசிறியை வடிவமைக்கும் முறையைக் கலாம் அறிந்திருந்தார். எதிரெதிராகச் சுழலும் இணையை எப்படி வடிவமைப்பது என்பது அவருக்குத் தெரியவில்லை.

அதே நகரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் சதீஷ் தவான் என்னும் பேராசிரியர் இருந்தார். காற்றின் இயக்கத்தை ஆராயும் துறையில் அவர் பெரும் புலமை உடையவர். அவரைச் சென்று கேட்குமாறு நண்பர்கள் கலாமிடம் கூறினர். நூல்கள் நிறைந்த சிறிய அறை. சுவரில் ஒரு கரும்பலகை. அங்கே தவான் அமர்ந்திருந்தார். முன்பின் அறியாத இளைஞர் தம் அறியாமையைச் சொல்லி உதவி கேட்டபோது, நேரமில்லை என்று அவர் அனுப்பிவிடவில்லை. வாரந்தோறும் சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணி நேரம் வருமாறும், ஆறு வாரங்கள் தாமே கற்பிப்பதாகவும் கூறினார். பாடத்திட்டம் முழுவதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். வகுப்புக்கு வருமுன் படிக்க வேண்டிய நூல்களையும் குறிப்பிட்டார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும், பாடத்தைத் தொடங்குமுன் தவான் சில வினாக்களைக் கேட்பார். கலாம் எந்த அளவுக்குப் படித்து வந்திருக்கிறார் என்பதை அவ்வினாக்கள் காட்டிவிடும். அன்பாகப் பழகியதனால் பாடத்தின் கண்டிப்பு குறைந்துவிடவில்லை. ஆறு வாரங்களின் முடிவில் கலாமால் சுழல்விசிறியை வடிவமைக்க முடிந்தது. தமக்குக் கீழே பணிபுரியாத, தம் நிறுவனத்தையும் சேராத ஒருவருக்காகப் பேராசிரியர் தம் சனிக்கிழமைகளை ஒதுக்கினார் என்பது கலாமின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

ஆசிரியர் தலைவரானார்

சதீஷ் தவான் 1920ஆம் ஆண்டு ஸ்ரீநகரில் பிறந்தார். லாகூரில் கணிதம், இயற்பியல், ஆங்கில இலக்கியம், இயந்திரப் பொறியியல் ஆகியவற்றைக் கற்றார். பொறியாளர் ஒருவர் இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றிருப்பது அரிதன்றோ! பின்னர் அமெரிக்கா சென்று வானூர்திப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1951ஆம் ஆண்டு பெங்களூருவுக்கு வந்து ஆசிரியப் பணியில் சேர்ந்தார். 1962இல் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார்.

1971ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கு வித்திட்ட விக்ரம் சாராபாய் திடீரென மறைந்தார். அப்போது தவான் அமெரிக்காவில் இருந்தார். விண்வெளித் துறைக்குத் தலைமை ஏற்குமாறு பிரதமர் இந்திரா காந்தி அவரை அழைத்தார். தவான் இரண்டு வேண்டுகோள்களை முன்வைத்தார். இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பில் தாம் தொடர வேண்டும் என்பது ஒன்று. விண்வெளித் துறையின் தலைமையகம் பெங்களூருவில் அமைய வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் ஏற்கப்பட்டன. நாட்டின் மிகப் பெரிய பொறுப்புகளுள் ஒன்று கிடைத்தபோதும் அவர் கல்வி நிறுவனத்தை விட்டு விலக விரும்பவில்லை.

இதற்கிடையே கலாம் கேரளத்தின் தும்பாவுக்குச் சென்றிருந்தார். திருவனந்தபுரத்தை அடுத்த மீனவச் சிற்றூர் அது. அங்கிருந்த மாதா கோவிலே விண்வெளி ஆய்வாளர்களுக்கு முதல் அலுவலகமாயிற்று. ஏவூர்தியின் பாகங்களை மிதிவண்டியில் வைத்துத் தள்ளிச் சென்ற காலம் அது. அங்கே படிப்படியாக வளர்ந்த கலாம், எஸ்.எல்.வி.-3 என்னும் ஏவூர்தித் திட்டத்தின் இயக்குநராக அமர்த்தப்பட்டார். இந்திய மண்ணிலிருந்து, இந்தியர் உருவாக்கிய ஏவூர்தியில், இந்தியச் செயற்கைக்கோள் ஒன்றைச் சுற்றுப்பாதையில் செலுத்துவதே அத்திட்டத்தின் நோக்கம். சனிக்கிழமை வகுப்பில் ஆசிரியராக இருந்த தவான், இப்போது கலாமுக்குத் தலைவர் ஆனார்.

கடலில் விழுந்த ஏவூர்தி

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா என்னும் தீவு உள்ளது. ஆந்திரக் கடலோரத்தில் உள்ள அத்தீவில்தான் ஏவுதளம் அமைக்கப்பட்டிருந்தது. 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் காலை, 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட எஸ்.எல்.வி.-3 அங்கே புறப்படக் காத்திருந்தது. அதற்குப் பின்னே ஏறத்தாழப் பத்தாண்டுக் கால உழைப்பு இருந்தது. ஏவும் பணியின் இயக்குநராகவும் கலாமே பொறுப்பேற்றிருந்தார்.

புறப்படும் நேரத்தை நோக்கிக் கடிகாரம் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தது. இறுதி நிமிடங்களில் ஏவூர்தியின் ஒவ்வோர் உறுப்பையும் கணிப்பொறி தானே சோதிக்கும். அப்படிச் சோதித்தபோது கணிப்பொறி ஏவுதலை நிறுத்தி வைத்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ குறை இருப்பதாக அது காட்டியது. அந்த அமைப்பில் பயன்படும் நைட்ரிக் அமிலம் சிறிது கசிந்திருந்தது.

கலாமின் அருகில் வல்லுநர்கள் சிலர் இருந்தனர். அவர்கள் கணக்கிட்டுப் பார்த்தனர். கசிந்தது போக எஞ்சியுள்ள அமிலம் போதுமானது என்றும், அஞ்ச வேண்டியதில்லை என்றும் கூறினர். முடிவெடுக்கும் பொறுப்பு கலாமுடையது. நிறுத்தினால் பல நாள் தாமதம். தொடர்ந்தால் இடர் நேரலாம். அவர் கணிப்பொறியின் தடையை நீக்கி, ஏவூர்தியைச் செலுத்துமாறு கட்டளையிட்டார்.

முதல் அடுக்கு குறைவின்றி இயங்கியது. பார்த்துக்கொண்டிருந்தோர் மகிழ்ந்தனர். இரண்டாம் அடுக்கின் முறை வந்தபோது ஏவூர்தி தடுமாறியது. கட்டுப்பாட்டை இழந்து, பறக்கத் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் வங்கக் கடலில் விழுந்தது. பத்தாண்டுக் கால உழைப்பு நீரில் மூழ்கியது.

செய்தியாளர் முன்

அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் உள்நாட்டுச் செய்தியாளரும் வெளிநாட்டுச் செய்தியாளரும் காத்திருந்தனர். அவர்களுக்கு விடை கூற யாரேனும் ஒருவர் செல்ல வேண்டும். கணிப்பொறியின் எச்சரிக்கையை மீறியவர் கலாம், கட்டளையிட்டவரும் கலாம். ஆகையால் விளக்கம் அளிக்குமாறு அவரை அனுப்பியிருந்தால், அது முறையற்றது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. பல அலுவலகங்களில் நடப்பது அதுதான். வெற்றி மேலே ஏறிச் செல்லும். பழி கீழே இறங்கி வரும்.

தவான் கலாமைத் தம்முடன் அழைத்துச் சென்றார். ஆனால், பேசும் பொறுப்பைத் தாமே ஏற்றார். மக்களின் வரிப்பணத்தைக் கடலில் வீணாக்கிவிட்டீர்களே என்று செய்தியாளர்கள் கடுமையாகக் கேட்டனர். தோல்வி நேர்ந்தது உண்மை என்று தவான் ஒப்புக்கொண்டார். தம் குழுவினர் மிகக் கடினமாக உழைத்துள்ளனர் என்றும், அவர்களுக்கு இன்னும் தொழில்நுட்ப உதவி தேவைப்படுகிறது என்றும் கூறினார். அடுத்த ஆண்டுக்குள் அவர்கள் வெற்றி பெறுவார்கள் என்று உறுதியளித்தார். குறையை எவர்மீதும் அவர் சுமத்தவில்லை. கணிப்பொறியின் தடையை நீக்கியவர் யார் என்றும் சொல்லவில்லை. தலைவர் என்ற முறையில் தோல்வியைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டார்.

அவர் அளித்த உறுதி எளிதானதன்று. அடுத்த ஆண்டும் தோல்வி நேர்ந்தால், உலகின் முன் பொய்த்துப் போவது கலாமின் சொல் ஆகாது. தவானின் சொல்லே ஆகும். அதை அறிந்தே அவர் உறுதியளித்தார்.

அன்று கலாம் உடலும் உள்ளமும் சோர்ந்து தம் அறைக்குச் சென்று படுத்துவிட்டார். பிற்பகலில் யாரோ தோளைத் தொட்டு எழுப்பியதை உணர்ந்து கண் விழித்தார். கட்டிலின் அருகே பிரம்ம பிரகாஷ் அமர்ந்திருந்தார். தும்பாவில் உள்ள விண்வெளி மையத்தின் இயக்குநர் அவர். கலாமுக்கு நேர் மேலதிகாரி. தோல்வியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. உணவு உண்ணப் போகலாமா என்றுதான் கேட்டார். தலைவர் செய்தியாளரின் கேள்விகளிலிருந்து காத்தார். மேலதிகாரி பசியிலிருந்து காத்தார். இருவரும் கலாமைத் தனியே விட்டுவிடவில்லை.

ஒப்புக்கொண்ட பிழை

வெளியார் முன் காப்பாற்றிய தவான், உள்ளே உண்மையைத் தேடாமல் விடவில்லை. மறுநாளே ஆய்வுக் கூட்டம் கூடியது. எழுபதுக்கும் மேற்பட்ட அறிவியலாளர் அதில் கலந்துகொண்டனர். தொடர்ந்து, தோல்வியின் காரணத்தைக் கண்டறியக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அக்குழு ஒவ்வொரு தடயத்தையும் ஆராய்ந்தது. புறப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன், வால்வு ஒன்றில் மாசு சிக்கியதால் அது மூடாமல் திறந்தே இருந்துவிட்டது. அதன் வழியே அமிலம் தொடர்ந்து வெளியேறிவிட்டது. ஆகவே, இரண்டாம் அடுக்கைக் கட்டுப்படுத்தும் விசை கிடைக்கவில்லை. இதுவே குழு கண்ட முடிவு.

தவானின் தலைமையில் நடந்த கூட்டத்தில் இம்முடிவு எடுத்துரைக்கப்பட்டது. எல்லாரும் அதை ஏற்றனர். காரணம் ஒரு வால்வு என்று ஆகிவிட்டது. அத்துடன் கூட்டம் முடிந்திருக்கலாம். ஆனால், கலாமின் மனம் அமைதி அடையவில்லை. அவர் எழுந்து நின்றார்.

நண்பர்கள் தொழில்நுட்பக் காரணத்தைக் கூறிவிட்டாலும் பொறுப்பு தம்முடையதே என்றார். கடைசி நேரத்தில் தெரிய வந்த கசிவைச் சிறியது என்று எண்ணியது தம் பிழை என்றார். பணியின் இயக்குநர் என்ற முறையில் தாம் ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டும் என்றும், இது வேறு நாட்டில் நடந்திருந்தால் இயக்குநர் தம் வேலையை இழந்திருப்பார் என்றும் அனைவர் முன்னும் கூறினார்.

அரங்கில் நெடுநேரம் அமைதி நிலவியது. பின்னர் தவான் எழுந்தார். கலாமையே சுற்றுப்பாதையில் செலுத்தப் போவதாகச் சொல்லிவிட்டு, கூட்டம் முடிந்ததென்று உணர்த்தி வெளியேறினார். நகைச்சுவைபோலத் தோன்றும் அச்சொல்லில் ஒரு தீர்ப்பு அடங்கியிருந்தது. கலாம் பதவியில் தொடர்வார்; அடுத்த ஏவுதலையும் அவரே நடத்துவார்; தலைவர் அவர்மீது கொண்ட நம்பிக்கை குறையவில்லை என்பதே அத்தீர்ப்பு.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கலாம் தம் பிழையை எவ்வாறு அத்தனை பேர் முன்னிலையில் கூற முடிந்தது? அஞ்சத்தக்க தலைவரிடம் பணியாற்றுவோர் பிழையை மறைப்பர். வால்வின்மீது பழியைப் போட்டுவிட்டு அமைதியாக இருப்பர். மறைக்கப்பட்ட பிழை மீண்டும் தலைகாட்டும். அணுகத்தக்க தலைவரிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்ன பிழையைத் திருத்தலாம். தவானின் எளிமை இனிய பழக்கமாக மட்டும் நின்றுவிடவில்லை. உண்மை வெளிவருவதற்கு அது வழியமைத்தது. ஏவூர்தி மீண்டும் பறக்க வேண்டுமானால் அந்த உண்மை இன்றியமையாதது.

மீண்டும் ஒரு காலை

குழுவினர் குறைகளைக் களைந்தனர். 1980ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் காலை, எஸ்.எல்.வி.-3 மீண்டும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்தது. நான்கு அடுக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் செவ்வனே இயங்கின. 35 கிலோ எடையுள்ள ‘ரோகிணி’ செயற்கைக்கோள் பூமியைச் சுற்றி வரத் தொடங்கியது. தன் ஏவூர்தியால் தன் செயற்கைக்கோளைச் செலுத்தவல்ல மிகச் சில நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இடம்பெற்றது. ஓராண்டுக்கு முன் தவான் அளித்த உறுதி நிறைவேறியது.

அன்றும் செய்தியாளர்கள் காத்திருந்தனர். இம்முறை கேட்கப்போகும் கேள்விகள் இனியவை. விடை சொல்பவரின் படம் மறுநாள் நாளிதழ்களில் வெளிவரும். உறுதியளித்தவர் தவான், அதை நிறைவேற்றிக் காட்டிய பெருமையைப் பெற அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் தவான் கலாமை அழைத்து, இன்றைய கூட்டத்தை நீங்களே நடத்துங்கள் என்னும் கருத்துப்படக் கூறினார். தாம் முன்னே நிற்காமல் ஒதுங்கிக்கொண்டார்.

தோல்வி வந்தபோது தலைவர் அதைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். வெற்றி வந்தபோது அதைத் தம் குழுவினரிடம் கொடுத்துவிட்டார். தலைமை என்றால் என்ன என்பதைத் தாம் கற்றது எந்த நூலிலிருந்தும் அன்று, இந்த இரண்டு காலைகளிலிருந்துதான் என்று கலாம் பிற்காலத்தில் பலமுறை கூறினார்.

எளிய உடை

வெற்றிக்குப் பின் சில நாட்கள் கழிந்தன. கலாம் மும்பையில் இருந்தபோது தவானிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மறுநாள் காலை தில்லியில் பிரதமர் இந்திரா காந்தியைச் சந்திக்க வேண்டும். தம்முடன் வருமாறு தவான் கூறினார். கலாமுக்கு மகிழ்ச்சியுடன் ஒரு கவலையும் எழுந்தது. அவர் வழக்கம்போல எளிய உடையும் காலில் செருப்புமாக இருந்தார். பிரதமரைக் காணச் செல்வதற்கு இது தகுமா என்று எண்ணினார். அந்தத் தயக்கத்தைத் தவானிடமே சொல்லிவிட்டார்.

நாட்டின் விண்வெளித் துறைத் தலைவரிடம் செருப்பைப் பற்றிக் கவலைப்பட்டுப் பேச முடிந்ததே, அவர்களிடையே இருந்த நெருக்கத்தைக் காட்டுகிறது. உடையைப் பற்றிக் கவலை வேண்டா, நீங்கள் வெற்றியையே அழகிய ஆடையாக அணிந்திருக்கிறீர்கள் என்னும் பொருள்பட தவான் மறுமொழி கூறினார். கலாமின் தயக்கம் மறைந்தது.

கைமாறிய பண்பு

நல்ல தலைவரைப் பாராட்டுவதற்குச் சொற்கள் மட்டும் போதுமா? அவரிடமிருந்து பெற்றதைத் தமக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுப்பதே உயர்ந்த பாராட்டு. கலாம் அதைச் செய்தார்.

1982ஆம் ஆண்டு கலாம் ஐதராபாத்தில் உள்ள ஏவுகணை ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். இப்போது அவரே தலைவர். 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், ஒடிசாக் கடற்கரையிலிருந்து ‘அக்னி’ ஏவுகணை முதன்முறையாகப் புறப்பட இருந்தது. புறப்படுவதற்கு 14 வினாடிகள் இருந்தபோது கணிப்பொறி நிறுத்தக் கட்டளை காட்டியது. பத்தாண்டுகளுக்கு முன் அப்படி ஓர் எச்சரிக்கையை மீறியவர் கலாம். இம்முறை ஏவுதல் கைவிடப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் மீண்டும் முயன்றனர். 10 வினாடிகள் இருந்தபோது மறுபடியும் கணிப்பொறி நிறுத்தியது. மறுபடியும் ஏவுதல் தள்ளிவைக்கப்பட்டது.

நாளிதழ்கள் எள்ளி நகையாடின. கேலிச் சித்திரங்கள் வெளிவந்தன. பணியாளர்கள் மனம் தளர்ந்தனர். கலாம் 2,000க்கும் மேற்பட்ட பணியாளர்களை ஓரிடத்தில் கூட்டினார். அவர்களுள் எவரையும் அவர் குறை கூறவில்லை. தம் ஏவூர்தி கடலில் விழுந்த கதையை அவர்களுக்குச் சொன்னார். உங்கள் ஏவுகணை இன்னும் உங்கள் கண்முன்னே இருக்கிறது, சில வார உழைப்பைத் தவிர நீங்கள் எதையும் இழக்கவில்லை என்று தேற்றினார். 1989ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் ‘அக்னி’ வெற்றியுடன் பறந்தது.

தலைவர் ஒருவர் தம் தோல்வியைத் தம் பணியாளர்களிடம் மறைக்காமல் சொல்வது எளிதன்று. 1979இல் அத்தோல்விக்காகக் கலாம் இழிவுபடுத்தப்பட்டிருந்தால், பத்தாண்டு கழித்து அதைப் பிறருக்கு ஆறுதலாகச் சொல்ல அவரால் முடிந்திருக்குமா? தவான் அன்று தாங்கிக்கொண்ட தோல்வி, கலாமிடம் வடுவாக நிலைக்கவில்லை. பிறருக்கு ஊட்டும் துணிவாக மாறியது.

வாயிலில் ஒரு பெயர்

தவான் 1984ஆம் ஆண்டு வரை விண்வெளித் துறையை வழிநடத்தினார். ஓய்வுக்குப் பின்னும் அவர் கற்பதை நிறுத்தவில்லை. பறவைகள் எவ்வாறு பறக்கின்றன என்பதை ஆராய்ந்து நூல் எழுதினார். பழவேற்காடு ஏரிக்கு ஆண்டுதோறும் பூநாரைகளும் பிற நீர்ப்பறவைகளும் வருகின்றன. ஏவூர்திகளைப் பறக்கவிட்ட தலைவர், அத்தீவின் அருகே பறந்த பறவைகளையும் அதே ஆர்வத்துடன் நோக்கினார்.

2002ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் சதீஷ் தவான் மறைந்தார். அதே ஆண்டு சூலையில் அப்துல் கலாம் இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆனார். அதே ஆண்டில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குச் ‘சதீஷ் தவான் விண்வெளி மையம்’ என்று பெயர் சூட்டப்பட்டது. தோல்வியைத் தாம் ஏற்று, வெற்றியைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தவரின் பெயர், அவ்விரண்டும் நிகழ்ந்த இடத்துக்கே உரியதாயிற்று.

கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோதும், அப்பதவியிலிருந்து விலகிய பின்னரும், எண்ணற்ற மாணவர்களைச் சந்தித்தார். தலைமை என்பது யாது என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் பெரும்பாலும் இக்கதையையே கூறினார். நாட்டின் முதல் குடிமகனாக உயர்ந்த பின்னரும், தம் ஏவூர்தி கடலில் விழுந்ததைச் சொல்ல அவர் நாணவில்லை; தம்மைத் தாங்கியவரின் பெயரைச் சொல்ல மறக்கவும் இல்லை.

சொல்லும் பொருளும்

ஏவூர்தி – செயற்கைக்கோளை விண்ணுக்குக் கொண்டு செல்லும் ராக்கெட்
சுற்றுப்பாதை – ஒரு கோளைச் சுற்றி வரும் வழி
புலமை – ஆழ்ந்த அறிவு
இடர் – துன்பம், ஆபத்து
செவ்வனே – முறையாக, நன்றாக
எள்ளி நகையாடுதல் – இகழ்ந்து சிரித்தல்
வடு – காயத்தின் தழும்பு
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

விடை எழுதுக

1. கலாம் எதைக் கற்றுக்கொள்வதற்காகத் தவானைச் சந்தித்தார்?
2. விண்வெளித் துறைக்குத் தலைமை ஏற்குமுன் தவான் முன்வைத்த இரண்டு வேண்டுகோள்கள் யாவை?
3. 1979ஆம் ஆண்டு ஏவூர்தி கடலில் விழுந்ததற்கான காரணத்தை விளக்குக.
4. 1979, 1980 ஆகிய ஆண்டுகளில் நடந்த செய்தியாளர் கூட்டங்களை ஒப்பிட்டு எழுதுக.
5. வால்வே காரணம் என்று தெரிந்த பின்னரும் கலாம் ஏன் எழுந்து நின்று பேசினார்? அவருடைய இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

எண்ணிப் பார்த்து எழுதுக

உங்கள் தாயோ தந்தையோ உறவினரோ, சொந்த ஊரை விட்டு வந்து புதிய ஊரில் வேலைக்குச் சேர்ந்தபோது, அவர்களுக்குத் துணை நின்ற மேலதிகாரி அல்லது உடன் பணிபுரிந்தவர் யார்? வீட்டில் கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதுக. எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டுக.